அமால்ஃபிக்குத் தெற்கே சிலெந்தோ

இத்தாலியின் தென்மேற்கில், சலேர்னோ வளைகுடாவுக்கும் பொலிகாஸ்த்ரோ வளைகுடாவுக்கும் நடுவே கடலுக்குள் துருத்திக்கொண்டிருக்கும் மலைநிலம் சிலெந்தோ. காம்பானியா மாநிலத்தில் சலேர்னோ மாவட்டத்தின் தென்பகுதி இது. வடக்கே செலே ஆற்றுச் சமவெளி, கிழக்கே தியானோ பள்ளத்தாக்கு, மற்ற இரு பக்கமும் திரேனியக் கடல். நேப்பிள்ஸிலிருந்து ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் இதன் வாசலுக்கு வந்துவிடலாம். ஆனாலும் பொம்பெய், காப்ரி, அமால்ஃபி என்று சுற்றும் வெளிநாட்டுப் பயணிகளில் பெரும்பாலோர் சலேர்னோவோடு திரும்பிவிடுகிறார்கள். கோடையில் இந்தக் கடற்கரையை நிரப்புகிறவர்கள் பெரும்பாலும் இத்தாலியர்களே, அதிலும் நேப்பிள்ஸ் பக்கத்துக் குடும்பங்கள்.

சிலெந்தோ ஒதுங்கியே கிடந்ததற்குக் காரணங்கள் உண்டு. கரையை ஒட்டியே மலை எழும்புகிறது. உள்நாட்டுப் பாறையின் பெரும்பகுதி மணற்கல்லும் களிமண்ணும் அடுக்கடுக்காக அமைந்தது. மழை வலுத்தால் சரியும், சாலையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். ஆற்று முகங்களில் தேங்கிய நீர் மலேரியாவை வளர்த்தது. கடல் வழியே கொள்ளையர் வந்தார்கள். வட ஆப்பிரிக்கக் கப்பல்களின் வரவை முன்கூட்டியே கண்டு சொல்ல, 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானிய ஆட்சி கரை நெடுகக் காவல் கோபுரங்களைக் கட்டியது. அவற்றில் பல இன்றும் நிற்கின்றன. மக்கள் மேட்டில் ஏறி ஊர் அமைத்தார்கள். படகுக்கும் வலைக்கும் மட்டும் கீழே ஒரு துறை வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் இங்கே ஊர்கள் இரட்டையாக வருகின்றன: மேலே பிஷோத்தா, கீழே மரினா தி பிஷோத்தா, மேலே கமெரோத்தா, கீழே மரினா தி கமெரோத்தா. கடலைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்தாலும் இவர்களில் பெரும்பாலோர் உழவர்கள், ஆடு மேய்ப்பவர்கள். சிலெந்தோவை ஒரு கடற்கரையாக நினைத்து வருகிறவர் பாதியைத்தான் பார்க்கிறார். கடலைத் தொட்டுக்கொண்டிருக்கும் வேளாண் நிலம் என்பதே இதற்குப் பொருத்தமான விவரிப்பு.

1991-இல் சிலெந்தோ, தியானோ பள்ளத்தாக்கு, அல்பூர்னி மலைகள் ஆகியவற்றைச் சேர்த்து இத்தாலிய அரசு தேசியப் பூங்காவாக அறிவித்தது. ஏறத்தாழ 1,80,000 ஹெக்டேர் பரப்புள்ள இது நாட்டின் மிகப் பெரிய பூங்காக்களில் ஒன்று. வேலி போட்ட காடு அல்ல. ஊர்களும் தோப்புகளும் மேய்ச்சல் நிலங்களும் அடங்கியது. 1998-இல் யுனெஸ்கோ இதை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தபோதும் இயற்கை வகையில் சேர்க்கவில்லை, மனிதரும் நிலமும் சேர்ந்து உருவாக்கிய பண்பாட்டு நிலப்பரப்பு என்றே சேர்த்தது. பேஸ்தும், வேலியா என்ற இரு பழங்கிரேக்க நகரங்களும் பாதுலா மடாலயமும் அதே அறிவிப்பில் இடம்பெற்றன.

வடக்கு வாசலில் நிற்பது பேஸ்தும். தெற்கு இத்தாலியின் சிபாரிஸ் நகரிலிருந்து வந்த கிரேக்கர்கள் கி.மு. 600 அளவில் இங்கே பொசெய்தோனியா என்ற நகரை அமைத்தார்கள். கி.மு. 400 வாக்கில் மலைவாழ் லூக்கானியர் அதைக் கைப்பற்றினர்; கி.மு. 273-இல் ரோமானியக் குடியேற்றமாகிப் பேஸ்தும் என்ற பெயர் வந்தது. தோரிய பாணியில் மூன்று கோயில்கள் நிற்கின்றன. ஹீரா தேவிக்குக் கட்டிய பழைய கோயில் கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. அதைக் கோயில் என்று அறியாத 18-ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் பாசிலிக்கா என்று பெயரிட்டுவிட்டார்கள், அந்தப் பெயரே நிலைத்தது. அதீனா கோயில் கி.மு. 500 அளவில் எழுந்தது. மூன்றாவது, பொசெய்தோனுக்கு உரியது என்று நெடுங்காலம் கருதப்பட்ட பெருங்கோயில், கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டப்பட்டது. கிரேக்க நாட்டிலேயே இவ்வளவு முழுமையாக நிற்கும் கோயில்கள் மிகச் சிலவே.

இவை தப்பியதற்கு அந்த மலேரியாவே காரணம் என்பது வேடிக்கையான உண்மை. ஆற்று வாய் தூர்ந்து நிலம் சதுப்பானது. இடைக்காலத்தில் மக்கள் காய்ச்சலுக்கும் கொள்ளைக்கும் அஞ்சி மேட்டிலுள்ள கப்பாச்சோவுக்குப் போனார்கள். ஆளில்லாத இடத்தில் புதிய நகரம் எழவில்லை. ஆகவே பழைய கற்களைப் பெயர்த்துக்கொண்டு போகவும் அருகில் அதிகம் பேர் இல்லை. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பிய அறிஞர்களின் கவனம் இங்கே திரும்பியது. ஓவியர் பிரனேசி வந்து செதுக்கோவியங்கள் செய்தார். 1787-இல் கவிஞர் கோத்தே வந்தார். பார்த்தவர்கள் மலைத்தார்கள், பிறகு வந்த வழியே வடக்கே திரும்பினார்கள். அந்த வழக்கம் இன்றுவரை மாறவில்லை.

பேஸ்தும் அருங்காட்சியகத்தில் ஒரு கல்லறையின் ஐந்து பலகைகள் உள்ளன. தொல்லியலாளர் மாரியோ நப்போலி 1968-இல் நகருக்குச் சற்றுத் தெற்கே கண்டெடுத்தது. காலம் கி.மு. 480–470. நான்கு பக்கப் பலகைகளிலும் விருந்து நடக்கிறது, ஆண்கள் சாய்ந்து கிடந்து மது அருந்துகிறார்கள். மூடிப் பலகையின் உட்புறத்தில், அதாவது இறந்தவருக்கு மட்டுமே தெரியும் பக்கத்தில், ஓர் இளைஞன் உயரமான மேடையிலிருந்து நீருக்குள் பாய்கிறான். வாழ்விலிருந்து சாவுக்குப் பாயும் பாய்ச்சல் என்று பலர் விளக்குகிறார்கள். வெறும் நீச்சல் காட்சியே என்பாரும் உண்டு. கிரேக்கச் சுவரோவியங்கள் ஏறத்தாழ முற்றிலும் அழிந்துவிட்ட நிலையில், மனித உருவங்கள் கொண்ட இந்த ஓவியத்துக்கு இணை காண்பது அரிது. கோயில்களைப் பார்த்த களைப்பில் அருங்காட்சியகத்தைத் தவிர்ப்பவர்கள் பெரிதாக இழக்கிறார்கள்.

கோயில் மதிலுக்கு வெளியே எருமைப் பண்ணைகள் தொடங்குகின்றன. நீரெருமை ஆசியாவில் மனிதர் பழக்கிய விலங்கு. இத்தாலிக்கு அது எப்போது, யாரால் வந்து சேர்ந்தது என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் ஏன் தங்கியது என்பது தெளிவு: பசுவும் குதிரையும் நலிந்துபோகும் சேற்று நிலம் எருமைக்குச் சுகமானது. மனிதர் விட்டுவிட்டுப் போன செலே சமவெளி எருமைகளுக்கு உரியதாயிற்று. 20-ஆம் நூற்றாண்டில் சதுப்பு வடிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி. மருந்து கொசுவை ஒழித்தது. 1950-களில் நிலச் சீர்திருத்தம் பெருநிலங்களைக் கூறுபோட்டு உழவர்களுக்குக் கொடுத்தது. சேறு போனது, எருமை மட்டும் இருந்துவிட்டது; அது புரள இப்போது பண்ணைகளில் சிமெண்டுத் தொட்டி கட்டிவைக்கிறார்கள்.

எருமைப் பாலில் கொழுப்பு ஏறக்குறைய 8 சதவீதம், பசும்பாலைப் போல் இரு மடங்கு. அந்தப் பாலில் செய்யும் மொஸரெல்லாவே இப்பகுதியின் பெருமை. பாலை வெதுவெதுப்பாக்கி, முந்தின நாள் மிஞ்சிய மோர்நீரையும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டையும் சேர்த்தால் கட்டியாக உறைகிறது. அதை உடைத்துச் சில மணி நேரம் புளிக்க விடுகிறார்கள். புளிப்பு சரியான அளவுக்கு வந்ததா என்று பார்க்க ஒரு துண்டை வெந்நீரில் நனைத்து இழுத்துப் பார்ப்பார்கள். அறுபடாமல் நீண்டால் பதம் வந்துவிட்டது. பிறகு கொதிநிலையை நெருங்கும் நீரை ஊற்றிக் கட்டையால் கிளறிப் பிசைய, அது பளபளவென்று இழைகிறது. ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நெரித்து உருண்டை உருண்டையாகக் கிள்ளிக் குளிர்நீரில் போடுகிறார். கடைசியில் உப்புநீர்க் குளியல். ஒரு கிலோவுக்கு நாலைந்து லிட்டர் பால் செலவாகும். 1996 முதல் காம்பானியா எருமை மொஸரெல்லாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் இடப்பெயர்ப் பாதுகாப்பு உண்டு. செய்த அன்றே, குளிர்பெட்டியில் வைக்காமல் சாப்பிட வேண்டும் என்பது உள்ளூர்ச் சட்டம். காலையில் பண்ணைக்குப் போனால் கண்ணாடிக்கு அப்பாலிருந்து வேலையைப் பார்க்கலாம். நண்பகலுக்குப் பிறகு போனால் பல இடங்களில் சரக்கு தீர்ந்திருக்கும்.

பேஸ்துமைக் கடந்ததும் சமவெளி முடிந்து மலை தொடங்குகிறது. அக்ரோபோலி பாறை மேல் அமர்ந்த பழைய ஊர். 9-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரேபியப் படையினர் அதைப் பிடித்துச் சுமார் முப்பது ஆண்டு தங்கள் தளமாக வைத்திருந்தார்கள். அடுத்து காஸ்தெல்லாபாத்தே. காவா மடத்தின் தலைவர் கொஸ்தாபிலே 1123-இல் கோட்டை கட்டத் தொடங்கிய ஊர் இது. 2010-இல் வெளிவந்து இத்தாலியில் பெரும் வெற்றி பெற்ற ‘பென்வெனூத்தி அல் சூத்’ திரைப்படத்தில் வடக்கத்தி அதிகாரி ஒருவர் தண்டனையாகத் தெற்குக்கு மாற்றப்படுகிறார். வந்த இடத்தை விட்டுப் போக மனமில்லாமல் அழுகிறார். படம் பிடித்தது இங்கேதான். அதன்பின் ஊரில் கூட்டம் கூடியது. கீழே சாந்தா மரியா துறையை ஒட்டிய கடற்பரப்பு 2009 முதல் காக்கப்பட்ட கடல் பகுதி.

இன்னும் தெற்கே பொல்லிக்கா. அதற்கு அச்சரோலி, பியோப்பி என்று இரு கடலோரச் சிற்றூர்கள். பியோப்பியில் ஒரு தெருவும் ஒரு சிறு கடற்கரையும்தான். ஆனால் ‘மத்தியதரைக் கடல் உணவுமுறை’ என்று உலகம் முழுக்க மருத்துவர்கள் பரிந்துரைக்கும் சொற்றொடருக்கும் இந்தச் சிற்றூருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

அன்செல் கீஸ் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்து உடலியங்கியல் அறிஞர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களுக்குக் கொடுத்த ‘கே’ உணவுப் பொட்டலத்தை உருவாக்கியவர். 1951-இல் ரோமில் நடந்த ஒரு மாநாட்டில் நேப்பிள்ஸ் மருத்துவப் பேராசிரியர் ஒருவர், தம் ஊரில் மாரடைப்பு ஒரு பெரிய பிரச்சினையே இல்லை என்று சொன்னது அவருக்கு வியப்பாக இருந்தது. அமெரிக்காவில் அப்போது நடுவயது ஆண்கள் மாரடைப்பில் விழுந்துகொண்டிருந்தார்கள். மறு ஆண்டு மனைவி மார்கரெட்டோடு நேப்பிள்ஸுக்கு வந்தார். மார்கரெட் உயிர்வேதியியலாளர்; ஏழைத் தொழிலாளர்களின் இரத்தக் கொழுப்பை அளந்தது அவர். 1958-இல் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வு, 12,000-க்கும் மேற்பட்ட ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. 1960-களில் கீஸ் தம்பதியர் பியோப்பிக்கு அருகே நிலம் வாங்கி வீடு கட்டினர். மின்னியாபொலிஸ், வேலியாவின் கிரேக்கப் பெயரான எலெயா ஆகிய இரு பெயர்களையும் ஒட்டி வீட்டுக்கு மின்னெலெயா என்று பெயர் வைத்தார்கள். ஆண்டின் பெரும்பகுதியை அங்கே தோட்டம் போட்டும் எழுதியும் கழித்தார்கள். 2004-இல் கீஸ் இறந்தபோது அவருக்கு வயது நூறு. பியோப்பியில் அவருடைய அண்டைவீட்டாராகவும் ஆய்வுத் தோழராகவும் இருந்த ஜெரமையா ஸ்டாம்லர் 102 வயது வரை வாழ்ந்தார். ஆய்வாளர்களின் ஆயுளைச் சான்றாகக் காட்டுவது அறிவியல் ஆகாது. ஆனால் உள்ளூர்க்காரர்கள் அதைச் சொல்லாமல் விடுவதில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஆய்வுக்கு ஆட்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட இத்தாலிய இடங்களில் சிலெந்தோ இல்லை. கீஸ் இங்கே வாழ்ந்தார், சுற்றியிருந்தவர்கள் உண்பதைப் பார்த்தார், நூல் எழுதினார், அவ்வளவே. நாடுகளைத் தேர்ந்த விதம் பற்றியும், கிரீட் தீவில் உணவுக் கணக்கின் ஒரு பகுதி கிறித்தவ நோன்புக் காலத்தில் எடுக்கப்பட்டது பற்றியும் பின்னாளில் கடுமையான விமரிசனங்கள் வந்தன. ஆனாலும் காய், பருப்பு, தானியம், ஆலிவ் எண்ணெய் மிகுந்த உணவு இதயத்துக்கு நல்லது என்ற மையக் கருத்துக்குப் பின்னர் வந்த ஆய்வுகளும் வலுச் சேர்த்தன. 2010-இல் யுனெஸ்கோ இந்த உணவுமுறையை மனிதகுலத்தின் வாழும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தபோது, ஸ்பெயினின் சோரியா, கிரீசின் கொரோனி, மொராக்கோவின் ஷெஃப்ஷாவென் ஆகியவற்றோடு இத்தாலிக்காகச் சிலெந்தோவே அடையாளச் சமூகமாக நின்றது. பியோப்பியின் வின்சிப்ரோவா மாளிகையில் இதற்கென ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பொல்லிக்காவின் மேயராக இருந்து, கடலைத் தூய்மையாக வைக்கவும் கட்டுமானங்களைக் கட்டுக்குள் வைக்கவும் போராடிய ஆஞ்செலோ வஸ்ஸாலோ, ‘மீனவ மேயர்’ என்று அழைக்கப்பட்டவர், இந்த அங்கீகாரத்துக்காகவும் உழைத்தவர். யுனெஸ்கோ முடிவு வெளியாகச் சில வாரங்களுக்கு முன், 2010 செப்டம்பர் 5 இரவு, அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

உணவுமுறை என்று இப்போது கொண்டாடப்படுவது அப்போது வறுமை. கறி பண்டிகைக்கு, வெள்ளை ரொட்டி நோயாளிக்கு. சிச்செராலே ஊரின் கொண்டைக்கடலை அளவில் சிறியது, நிறத்தில் சற்றுப் பழுப்பு. பாசனமில்லாத மேட்டு நிலத்தில் விளையும். கொன்ட்ரோனே ஊரில் பாலாக வெளுத்த சிறு பீன்ஸ். மே முதல் நாளில், பழைய அறுவடையில் கலயங்களின் அடியில் மிஞ்சிய பருப்பு, பயறு, தானியம் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வேகவைக்கும் ‘சிச்சி மரிதாத்தி’ என்ற கூட்டுக் கஞ்சி இன்றும் சில ஊர்களில் உண்டு. புது விளைச்சல் வருமுன் கலயத்தைக் காலி செய்யும் சாமர்த்தியம் அது. ‘அக்வாசாலே’ அதைவிட எளிது. இருமுறை சுட்டுக் காய்ந்த ரொட்டியை நீரில் நனைத்து, தக்காளியும் உப்பும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்துப் பிசைந்துவிட்டால் வயலுக்குக் கொண்டுபோகும் சாப்பாடு தயார். மலைப்பக்கத்தில் மொஸரெல்லாவை மிர்ட்டில் இலைக் கொத்துகளுக்குள் பொதிந்து சந்தைக்குக் கொண்டுவருவார்கள். இலையின் மணம் பாலில் ஏறும். மரக்கறி மட்டும் உண்பவர் இத்தாலியில் அலைந்து களைத்திருந்தால் சிலெந்தோவில் இளைப்பாறலாம்.

வெள்ளை அத்தி தனியே சொல்லத் தகுந்தது. அக்ரோபோலிக்குத் தெற்கே மலைச்சரிவுகளில் ஆலிவுக்கு நடுவே வளரும் தொத்தாத்தோ வகை மரங்களின் பழம் காய்ந்ததும் வெளிர் மஞ்சளாகும். ஆகஸ்டு, செப்டம்பரில் பறித்து நாணல் தட்டிகளில் பரப்பி வெயிலில் உலர்த்துவார்கள். மாலையில் பனி படாமல் மூட வேண்டும், பகலில் திருப்பிப்போட வேண்டும். தோலுரித்து உலர்த்துவது உயர்ந்த ரகம். இரண்டாகப் பிளந்து உள்ளே பாதாம், வால்நட், சோம்பு, எலுமிச்சை வகைத் தோல் வைத்து மூடுவதும் உண்டு. குளிர்காலத்துக்குச் சர்க்கரையும் ஊட்டமும் இதுவே. 2006 முதல் இந்த அத்திக்கும் இடப்பெயர்ப் பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் இந்த வேலைக்குக் கை அதிகம் தேவை, கைகள் குறைந்துவிட்டன. பல மரங்களின் பழம் இப்போது நிலத்தில் விழுந்து கிடக்கிறது.

பியோப்பிக்குத் தெற்கே, அஷேயாவுக்கு அருகே வேலியா. கிரேக்கர் இதை எலெயா என்றார்கள். சின்ன ஆசியாவின் ஃபோக்காயா நகரத்து மக்கள், பாரசீகப் படைக்கு அடிபணிய மனமின்றிக் கப்பலேறி, கோர்சிகாத் தீவில் போரிட்டு இடம் இழந்து, கி.மு. 540-ஐ ஒட்டி இங்கே கரையேறினார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் காலத்தில் இந்த ஊரில் வாழ்ந்தவர் மெய்யியலாளர் பார்மெனிதேஸ். மாற்றம் என்பது தோற்றமே, உள்ளது என்றும் உள்ளது என்று வாதிட்டவர். அவர் மாணவர் ஜீனோ, ஆமையை அக்கிலிஸ் ஒருபோதும் எட்டிப்பிடிக்க முடியாது என்று நிறுவிக் கணிதவாணரை இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் திணறவைத்தவர். பேஸ்துமைப் போன்ற கோயில்களை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. குன்று, அதன் உச்சியில் பழைய கோயில் அடித்தளத்தின் மேல் எழுந்த இடைக்காலக் கோபுரம், கல் பாவிய செங்குத்தான தெரு. அந்தத் தெரு ஏறிப்போய் முடியுமிடத்தில், 1964-இல் அதே மாரியோ நப்போலி தோண்டியெடுத்த ரோசா வாயில். சாந்து இன்றி மணற்கல்லை அடுக்கிய முழு வளைவு அது. வளைவுக் கட்டுமானம் ரோமானியருக்கே உரியது என்ற எண்ணத்தை இது ஆட்டிவைத்தது. பழைய துறைமுகம் இருந்த இடம் ஆற்று வண்டலால் மூடி இன்று வயலாகிவிட்டது. கோடை நடுவிலும் இங்கே கூட்டம் இருப்பதில்லை.

பிஷோத்தாவின் சரிவுகளை மூடியிருப்பவை பிஷொத்தானா என்ற உள்ளூர் ஆலிவ் மரங்கள். மற்ற இடங்களில் ஆள் உயரத்துக்குக் கத்தரித்து வைக்கும் மரம், இங்கே காட்டு மரமாக ஓங்கி நிற்கிறது. உச்சிக்கு ஏற முடியாததால் கீழே வலை விரித்துக் காயை உதிர்க்கிறார்கள்.

வலை கடலிலும் உண்டு. ‘மெனாய்க்கா’ என்பது ஒரு வலைக்கும் அதை விரிக்கும் படகுக்கும் பெயர். ஏப்ரல் முதல் ஜூலை வரை, அமைதியான இரவுகளில், பிஷோத்தா மீனவர் சிலர் கரையிலிருந்து சற்றுத் தள்ளி இதை மிதக்கவிடுகிறார்கள். கண் அகலமான வலை. சிறு நெத்திலி நழுவிப்போகும், பெரியது மட்டும் செவுளில் சிக்கும். சிக்கிய மீனை ஒவ்வொன்றாக வலையிலிருந்து எடுக்கும்போதே தலையையும் குடலையும் கையால் கிள்ளிவிடுவார்கள். இரத்தம் வடிந்துவிடுவதால் சதை வெளிர் ரோஜா நிறமாக இருக்கும். ஐஸ் கிடையாது. மரப்பெட்டியில் கரைக்கு வந்ததும் உப்புநீரில் கழுவி, மண் சாடிகளில் உப்பும் மீனுமாக அடுக்கி, குறைந்தது மூன்று மாதம் குளிர்ந்த கற்கிடங்கில் வைக்கிறார்கள். மத்தியதரைக் கடலில் ஒருகாலத்தில் பரவலாக இருந்த இந்த முறை ஏறக்குறைய இங்கே மட்டுமே மிஞ்சியது. இரைச்சலிடும் இயந்திர வலைப் படகின் அளவுக்கு இவர்களால் பிடிக்க முடியாது. விலையும் அதற்கேற்ப இருக்கும்.

பாலினூரோ முனைக்கு, வெர்ஜில் காவியத்தில் தூக்கத்தில் கடலில் விழுந்த மாலுமியின் பெயர். சுண்ணப்பாறைச் செங்குத்தில் கடல் குடைந்த குகைகள் வரிசையாக உள்ளன. படகில்தான் பார்க்க முடியும். பாறை இடுக்குகளில் மஞ்சள் பூப் பூக்கும் பாலினூரோ ப்ரிமுலா இங்கிருந்து வட கலாப்ரியா வரையிலான கடற்பாறைகளில் மட்டுமே வளர்வது. பனிமலைகளுக்குரிய செடியினம் ஒன்று கடல்மட்டத்தில் தங்கிவிட்டதால் தாவரவியலாளருக்கு இதில் தனி ஆர்வம். பூங்காவின் சின்னமும் இதுவே. கமெரோத்தாவுக்கு அப்பால் இன்ஃப்ரெஸ்கி கரைக்குச் சாலை இல்லை. படகில் போகலாம் அல்லது நடக்கலாம். தெற்கு எல்லையில் சாப்ரி. 1857 ஜூனில் புரட்சியாளர் கார்லோ பிஸகானே, போன்சாத் தீவுச் சிறையிலிருந்து விடுவித்த முந்நூறு பேரோடு இங்கே இறங்கினார். உழவர்கள் தம்மோடு சேர்ந்து நேப்பிள்ஸ் மன்னருக்கு எதிராக எழுவார்கள் என்று நம்பினார். அவர்கள் எழுந்தார்கள், ஆனால் அவருக்கு எதிராக; கொள்ளைக் கும்பல் வந்துவிட்டதாக அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஜூலை 2-ஆம் நாள் சான்சா ஊருக்கருகே அவர் மாண்டார்.

உள்நாட்டுப் பகுதியில் நிலமும் ஊர்களும் வேறுமாதிரி. செர்வாத்தி மலை 1,898 மீட்டர். குளிர்காலத்தில் உச்சியில் பனி கிடக்கும். அல்பூர்னி மலைகள் சுண்ணப்பாறை, உள்ளே குகைகள் நிறைந்தவை. பெர்த்தோசா குகைக்குள் நிலத்தடி ஆற்றில் படகேறிப் போக வேண்டும். புஸ்ஸெந்தோ ஆறு கசெல்லே ஊருக்கருகே பூமிக்குள் புகுந்து மொரிஜெராத்தியில் வெளியே வருகிறது. பாதுலாவில் 1306-இல் தொமாஸோ சான்செவெரினோ நிறுவிய சான் லொரென்சோ மடாலயம் பல நூற்றாண்டு வளர்ந்து ஒரு சிறு நகரம் அளவுக்கு ஆயிற்று. கார்த்தூசியத் துறவிகள் பேசாமல், தனித்தனி வீடும் தோட்டமும் வைத்து வாழ்ந்தவர்கள். அந்த வீடுகள் சூழ்ந்த முற்றம் 12,000 சதுர மீட்டர். நெப்போலியன் காலத்தில் துறவிகள் வெளியேற்றப்பட்டனர். இரு உலகப் போர்களிலும் அந்த அமைதி நிலையம் போர்க்கைதி முகாமாக இருந்தது.

ரொஷிஞ்ஞோ வெக்கியா என்ற பழைய ஊரில் சதுக்கம், நீரூற்று, தேவாலயம், வீடுகள் எல்லாம் உள்ளன, குடியிருப்போர் இல்லை. நிலச்சரிவுக்கு அஞ்சி 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மக்கள் மேலே புதிய ஊருக்குப் போனார்கள். மற்ற ஊர்கள் காலியாவதற்குச் சரிவு தேவைப்படவில்லை. இத்தாலி ஒன்றானது முதலே சிலெந்தோ மக்கள் பிரேசில், அர்ஜென்டீனா, அமெரிக்கா என்று போய்க்கொண்டே இருந்தார்கள். கமெரோத்தாவிலிருந்து வெனிசுவேலாவுக்குப் போனவர்கள் மிகப் பலர். இப்போது இளைஞர்கள் மிலானுக்கும் ஜெர்மனிக்கும் போகிறார்கள். நெடிய ஆயுளுக்குப் பெயர்பெற்ற பகுதியில் பள்ளிக்கூடங்கள் மூடப்படுகின்றன. ஆகஸ்டில் புனிதர் திருவிழாவுக்குப் புலம்பெயர்ந்தோர் திரும்பும்போது மட்டும் பூட்டிய வீடுகள் திறக்கும்.

இதற்கு ஓரளவு மாற்றாக வந்தது பண்ணைத் தங்கல். ‘அக்ரித்தூரிஸ்மோ’ என்ற பலகையை யாரும் மாட்டிவிட முடியாது. தேசியச் சட்டப்படி வேளாண்மையே முதன்மைத் தொழிலாக இருப்பவர்தான் விருந்தினருக்கு அறை கொடுக்கலாம். பரிமாறும் உணவிலும் சொந்த விளைச்சலுக்குக் கணிசமான இடம் இருக்க வேண்டும். சிலெந்தோவின் சாப்பாட்டை அறிய இதைவிட நல்ல வழி இல்லை, கடற்கரை உணவகங்கள் பலவும் எங்கும் கிடைப்பதையே தருகின்றன. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னதாகவே சொல்லிவைக்க வேண்டும். பட்டியல் இருக்காது, அன்று சமைத்ததே வரும்.

போய்வர விரும்புகிறவர்களுக்குச் சில தகவல்கள். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. நேப்பிள்ஸ் விமான நிலையமே வசதி. சலேர்னோ அருகிலுள்ள சிறு விமான நிலையமும் 2024 முதல் பயணிகள் விமானங்களை ஏற்கிறது. சலேர்னோவிலிருந்து தெற்கே போகும் ரயில் பாதையில் பேஸ்தும், அக்ரோபோலி, அஷேயா, பிஷோத்தா, சாப்ரி நிலையங்கள் உள்ளன. பேஸ்தும் நிலையத்திலிருந்து கோயில்களுக்கு நடந்தே போகலாம். பேஸ்துமும் வேலியாவும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இயங்குகின்றன. மலை ஊர்களுக்குப் பேருந்து மிகக் குறைவு, ஞாயிறுகளில் இல்லாமலும் போகும். வாடகைக் கார் ஏறக்குறையக் கட்டாயம். ஏப்ரல் முதல் ஜூன் வரையும் செப்டம்பர், அக்டோபரும் நல்ல மாதங்கள். வசந்தத்தில் பேஸ்தும் ஆர்டிசோக்கும் நெத்திலியும், செப்டம்பரில் அத்தியும், அக்டோபரில் ரோக்கதாஸ்பிதேயின் செஸ்நட்டும் ஆலிவ் அறுவடையின் தொடக்கமும் கிடைக்கும். ஆகஸ்டு 15-ஐ ஒட்டிய இரண்டு வாரம் அறைகள் நிரம்பி, விலையும் ஏறி, கரையோரச் சாலை நகராது. நவம்பருக்குப் பின் கடலோர விடுதிகளில் பெரும்பாலானவை மூடியிருக்கும். வரைபடத்தில் இருபது கிலோமீட்டர் என்று தெரிவதற்கு மலைப்பாதையில் முக்கால் மணி நேரம் ஒதுக்க வேண்டும். இருட்டிய பின் காட்டுப்பன்றிகள் குறுக்கே வரும் என்பதால், பகலிலேயே ஊர் சேர்வது நல்லது.